வக்கீலைக் காணும் முதல் நாள்

பாலாறு தமிழ்நாட்டின் எல்லைக்குள் புகுவதற்கு முன்னர் ஒரு பெரிய ஏரியில் தங்கிச் செல்கிறது. அவ்வேரிக்கரையில் அமைந்த ஊர் பேத்தமங்களா. பழங்கல்வெட்டுகளில் விசயாதித்தமங்கலம் என வழங்கிய இவ்வூர், மைசூர் இராச்சியத்தில் ஒரு தாலுகாவின் தலைமையிடமாக விளங்கியது. இரயில் பாதை வந்த பின்னர் அப்பெருமை பவுரிங்பேட்டைக்கு, அதாவது இன்றைய பங்காரப்பேட்டைக்குப் போய்விட்டது. ஊருக்கு எஞ்சியது ஏரி ஒன்றே. அந்த ஏரி நீரைத் தூய்மை செய்து, குழாய் வழியே கோலார் தங்கவயலுக்கு ஏற்றி அனுப்பினர். வட ஆற்காட்டிலிருந்து பாலாற்றின் கரையை விட்டுப் பிழைப்பிற்காகத் தங்கவயலுக்குச் சென்ற தமிழர், அங்கேயும் பாலாற்று நீரையே குடித்தனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. அந்த ஆற்று நீருக்கும் சட்டம் உண்டு. 1892ஆம் ஆண்டு சென்னை அரசும் மைசூர் அரசும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பாலாறும் ஒன்றாக இடம்பெற்றது.

ஆற்றுக்காக வாதாட அரசுகள் இருந்தன. ஆற்றைப் பின்பற்றி மேல்நோக்கிச் சென்ற மனிதனுக்காக வாதாட யார் இருந்தார்? தாய்மொழி வழங்காத நாட்டில் நம்மவர் சட்டத்தை எதிர்கொண்ட வரலாறு பற்றியும், வக்கீல் ஒருவரின் மேசைக்கு முன்னே முதன்முதலாக அமர்ந்தபோது அவர்கள் கையில் என்ன இருந்தது என்பது பற்றியும் சில சொல்ல விழைகிறோம். இது பழங்கதை மட்டுமன்று. மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் வாழும் நேயர்கள் பலர் இதே மேசைக்கு முன்னே என்றேனும் ஒருநாள் அமர நேரிடலாம்.

கோலார்ப் பகுதியில் தங்கம் தோண்டும் உரிமையை 1875ஆம் ஆண்டு லவெல் என்னும் ஐரிஷ்காரர் மைசூர் அரசிடமிருந்து பெற்றார். 1880ஆம் ஆண்டையொட்டி ஜான் டெய்லர் கம்பெனியார் வந்தனர். வயல் செழித்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து ஆயிரமாயிரமாக மக்கள் வந்து தட்டி வீடுகளில் குடியேறினர். கம்பெனியாருக்கு இருந்த பெருங்கவலை, தங்கம் திருட்டுப் போகிறதே என்பது. அதன் பொருட்டு மைசூர் அரசு சுரங்கச் சட்டம் ஒன்றை இயற்றியது. சுரங்கத்துப் பொருள் ஒருவனிடம் இருக்கக் கண்டால், அது தன்னிடம் எவ்வாறு வந்தது என்று விளக்கும் பொறுப்பு அவன் தலையிலேயே விழுந்தது. பொதுவான குற்றவியல் முறையில், குற்றம் சாட்டுகிறவரே அதனை மெய்ப்பிக்க வேண்டும். இங்கே அது தலைகீழாயிற்று. எழுத்தறியாத தொழிலாளி, தனக்குத் தெரியாத மொழியில், தான் குற்றமற்றவன் என்பதை எடுத்துரைக்க வேண்டிய நிலை ஏற்பட்டது.

1930ஆம் ஆண்டு ஏப்ரலில் தங்கவயலில் நடைபெற்ற பெரும் வேலைநிறுத்தம், தொழிலாளர் ஒவ்வொருவரின் கைரேகையையும் பதிவு செய்யவேண்டும் என்ற கட்டளையை எதிர்த்து எழுந்தது. கூலி உயர்வு கேட்டு எழுந்த கிளர்ச்சியன்று அது. காகிதத்தில் விழும் ஒரு ரேகை நாளை எந்த அதிகாரியின் முன் எவ்வாறு வாசிக்கப்படுமோ என்ற அச்சமும், திருடனுக்குச் செய்வதை நமக்குச் செய்கிறார்களே என்ற மானமும் அதில் கலந்திருந்தன என்றே நாம் கருதுகிறோம். காகிதத்தைக் கண்டு அஞ்சுவது குடிபெயர்ந்தோரிடம் வேரூன்றிய குணம். அதே காகிதமே அவர்களைக் காத்ததும் உண்டு. அதற்குத் தங்கவயலை விட்டுச் சிறிது தொலைவு செல்லவேண்டும்.

1894ஆம் ஆண்டு. தென்னாப்பிரிக்காவில் நேட்டால் நாட்டு டர்பன் நகரம். அங்கே வக்கீல் தொழில் தொடங்கி மூன்று நான்கு மாதங்களே ஆகியிருந்த இளைஞர் ஒருவரின் அறைக்குள், கிழிந்த உடையும், கையில் பிடித்த தலைப்பாகையும், உடைந்த முன்பற்கள் இரண்டும், இரத்தம் வழியும் வாயுமாக ஒரு தமிழர் அழுதுகொண்டே நுழைந்தார். அவர் பெயர் பாலசுந்தரம். ஒப்பந்தக் கூலியாக ஒரு வெள்ளைக்காரரிடம் வேலை செய்தவர். எஜமானர் அடித்ததனால் நேர்ந்த கதி அது. வக்கீல் மோகன்தாஸ் காந்தி. பாலசுந்தரத்தின் தமிழை அவருக்கு எடுத்துரைத்தவர் அவ்வலுவலகத்திலிருந்த தமிழ்க் குமாஸ்தா.

அந்த முதற் சந்திப்பில் காந்தியடிகள் செய்தவற்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். முதலில் தலைப்பாகையை அணிந்துகொள்ளச் சொன்னார். வெள்ளையரைக் காணும்போது தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வது அங்கிருந்த வழக்கம். அந்த வழக்கத்தையே அவரிடமும் பாலசுந்தரம் கடைப்பிடித்தார். அடுத்து, நீதிமன்றத்திற்கு ஓடாமல் மருத்துவரிடம் அனுப்பினார். காயத்திற்குச் சான்றிதழ் பெற்ற பின்னரே மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துச் சென்று, பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தார். இரத்தம் உலர்ந்துவிடும், வீக்கம் வடிந்துவிடும், சான்றிதழ் நிலைக்கும். மூன்றாவதாக, எஜமானரைத் தண்டிப்பதைக் காட்டிலும் பாலசுந்தரத்தை அவரிடமிருந்து விடுவிப்பதே தேவை என்று முடிவு செய்தார். ஒப்பந்தக் கூலி வேலையை விட்டு நீங்கினால் அது குற்றமாகிச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்ட காலம் அது. ஆகவே ஒப்பந்தத்தை வேறொருவர் பெயருக்கு மாற்றுவித்தார். வழக்கில் வெல்வது வேறு, கட்சிக்காரருக்கு வேண்டியதைப் பெற்றுத் தருவது வேறு என்பதை அத்தனை இளம் வக்கீல் உணர்ந்திருந்தார்.

வக்கீல் என்னும் சொல் அரபு மொழியிலிருந்து பாரசீக வழியாக வந்தது. ஒருவருக்காக நிற்பவர், பிரதிநிதி என்பது அதன் பொருள். வக்காலத்து என்பதும் அதே வேரினின்று பிறந்ததே. 'எனக்காக நீர் நில்லும்' என எழுதிக் கொடுக்கும் ஓலை எனலாம். வங்காளத்தில் 1793ஆம் ஆண்டுச் சட்டமும், சென்னையில் 1802ஆம் ஆண்டுச் சட்டங்களும் கம்பெனி நீதிமன்றங்களில் வக்கீல்களை ஒரு முறைக்குள் கொண்டுவந்தன. 1846ஆம் ஆண்டுச் சட்டம் சாதி சமய வேறுபாடின்றித் தகுதியுடைய யாவருக்கும் அத்தொழிலைத் திறந்துவிட்டதோடு, கட்டணத்தை வக்கீலும் கட்சிக்காரரும் தம்முள் பேசி முடிவு செய்துகொள்ளவும் இடமளித்தது. மைசூரில் 1884ஆம் ஆண்டு தலைமை நீதிமன்றம் நிறுவப்பட்டு, 1930ஆம் ஆண்டு அது உயர்நீதி மன்றமாயிற்று. வக்கீல், பிளீடர், முக்தார் என்ற பழைய பிரிவுகளை நீக்கி, அட்வகேட் என்ற ஒரே வகுப்பை 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம் உண்டாக்கியது. நாடெங்கும் எந்த நீதிமன்றத்திலும் வாதாடும் உரிமையை வழங்கும் அதன் முப்பதாம் பிரிவு மட்டும் ஐம்பது ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, 2011ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது.

ஆகவே இன்று வேலூர் வக்கீலொருவர் பங்காரப்பேட்டையில் வழக்காடச் சட்டம் தடையில்லை. எனினும் உள்ளூர் வக்கீலே நலம் என்பது நம் கருத்து. நீதிமன்றத்தின் ஆவணங்கள் எந்த மொழியில் உள்ளன, எந்த அலுவலகத்தில் எந்தப் பதிவேடு கிடைக்கும், நில அளவையர் எப்போது வருவார் என்பனவெல்லாம் சட்டப் புத்தகத்தில் இல்லாதவை. வாய்தாவுக்கு வாய்தா வேலூரிலிருந்து வந்து போகும் செலவும் சிறிதன்று. வழக்கறிஞர் தம்மைப் பற்றி விளம்பரம் செய்துகொள்ளலாகாது என்பது பார் கவுன்சில் விதி. ஆதலின் நல்ல வக்கீலை விசாரித்துத்தான் அறிய வேண்டும். நீதிமன்ற வாயிலில் எதிர்கொண்டு, 'வாருங்கள், நான் காட்டுகிறேன்' என்று கையைப் பற்றும் தரகரை விட்டு விலகி, ஒரு நாள் முற்பகல் நீதிமன்றத்துக்குள் பின்வரிசையில் அமர்ந்து கவனித்தாலே யார் வழக்கைப் படித்துவிட்டு வருகிறார், யார் வாய்தா மட்டும் கேட்கிறார் என்பது விளங்கிவிடும். வழக்கில் கிடைக்கும் தொகையில் பங்கு என்று கட்டணம் பேசுவதற்கும் அவ்விதிகள் இடந்தருவதில்லை. அவ்வாறு பேசுபவரிடம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

தங்கவயலுக்குத் திரும்புவோம். சுரங்கங்கள் 1956ஆம் ஆண்டு மைசூர் அரசின் கைக்கும், 1962ஆம் ஆண்டு மத்திய அரசின் கைக்கும் மாறி, 1972ஆம் ஆண்டு பாரத் தங்கச் சுரங்க நிறுவனமாயின. ஆட்சி மாறினும் தங்கத்தைப் பற்றிய ஐயம் மாறவில்லை. 1985ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அந்நிறுவனத்துப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரின் வீட்டைப் போலீசார் சோதனையிட்டு, 4.5 கிராம் எடையுள்ள தங்க உருண்டையையும், தங்கம் கலந்த மணல் 1,276 கிராமையும் கண்டெடுத்ததாகக் கூறினர். அவர் தற்காலிகமாகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். ஒருபுறம் குற்ற வழக்கு, மறுபுறம் அலுவலக விசாரணை. அக்காலத்தில் சட்டப்படி தரவேண்டிய பிழைப்பூதியம் அவருக்குத் தரப்படவில்லை. அவர் நோயுற்றுத் தம் சொந்த மாநிலமாகிய கேரளத்தில் இருந்தார். விசாரணையை ஒத்திவைக்குமாறு மருத்துவச் சான்றுடன் எழுதினார். ஆயினும் அவர் இல்லாமலேயே விசாரணை முடிந்தது. 1986 ஜூன் 7ஆம் நாள் வேலையினின்றும் நீக்கப்பட்டார். எட்டு மாதம் கழித்து, 1987 பிப்ரவரி 3ஆம் நாள், அச்சோதனையே மெய்ப்பிக்கப்படவில்லை என்று குற்றவியல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. நிறுவனமோ மீண்டும் வேலை தர மறுத்தது.

அவர் உயர்நீதி மன்றம் சென்றார். தனி நீதிபதியிடம் வென்றார், இரு நீதிபதிகள் அமர்வில் தோற்றார், உச்ச நீதிமன்றம் சென்றார். 1999 மார்ச்சு 30ஆம் நாள் தீர்ப்பு வந்தது. பிழைப்பூதியம் தராமல் ஒருவரை வறுமையில் தள்ளிவிட்டு, தொலைவிலிருந்து வந்து வாதாடவில்லை என்று அவரைத் தண்டிப்பது நீதியாகாது என்றும், இரு விசாரணைகளுக்கும் சாட்சியம் ஒன்றேயாக இருக்க, ஒன்றில் பொய்த்துப் போனதை மற்றொன்றில் மெய்யெனக் கொள்ளலாகாது என்றும் நீதிமன்றம் கூறிற்று. மீண்டும் வேலையும், நிலுவைச் சம்பளம் முழுவதும், செலவுத் தொகையாக 25,000 ரூபாயும் அளிக்கக் கட்டளையிட்டது. இந்தியா முழுவதும் ஊழியர் வழக்குகளில் இன்றளவும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு இது. பதினான்கு ஆண்டுகள் சென்றன. இரண்டே ஆண்டில், 2001 பிப்ரவரி இறுதியோடு, சுரங்கமே மூடப்பட்டுவிட்டது என்பது வேறு கதை.

மொழிபெயர்ப்பாளராகிய நமது கண்ணுக்கு இவ்வழக்கில் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. நோயுற்ற மனிதர் வாயால் சொல்லிவிட்டுப் போகவில்லை, எழுதினார். சான்றிதழை இணைத்தார். டர்பனில் அன்று காந்தியடிகள் தேடிப் பெற்ற காகிதத்தின் இனத்தைச் சேர்ந்தனவே இவையும்.

இனி நம் சொந்த அனுபவம் ஒன்று. பேத்தமங்களாவில் நம் பெரியப்பா மகன் ஒருவர் வாழ்கிறார். நீரேற்று நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சில ஆண்டுகளுக்கு முன் நீதிமன்றத்திலிருந்து கன்னடத்தில் ஒரு கட்டு அவருக்கு வந்தது. பேச்சில் கன்னடம் தாராளமாக வரும், எழுத்தில் தடுமாறுவார். தொலைபேசியில் எழுத்துக் கூட்டி நமக்கு வாசித்துக் காட்டினார். இடையில் 'தகராரு' என்று வந்தது. நாம் சற்றும் சிந்தியாமல், 'அண்ணா, நீங்கள் யாரிடமோ தகராறு செய்ததாக எழுதியிருக்கிறார்கள்' என்று சொல்லிவிட்டோம். அன்றிரவு அவர் உறங்கவில்லை. கன்னடச் சட்ட வழக்கில் அச்சொல்லுக்கு ஆட்சேபணை என்று பொருள். அவர் பட்டா மாற்றம் கேட்டுக் கொடுத்த மனுவிற்கு அண்டை வீட்டார் ஆட்சேபணை தெரிவித்திருந்தனர், அதற்கு மேல் பாதை குறித்து ஒரு வழக்கும் தொடுத்திருந்தனர், அவ்வளவே. இருபது ஆண்டு மொழிபெயர்ப்புத் தொழிலில் நாம் செய்த பிழைகளுள் இதனை முன்வரிசையில் வைக்கிறோம். வாதி, பிரதிவாதி, ஜாமீன், ஜப்தி ஆகியவை இரு மொழிக்கும் பொது என்பதனாலேயே, ஒலி ஒத்த சொற்களெல்லாம் பொருளும் ஒக்கும் என்று நம்பிவிடுகிறோம்.

விடுப்பெடுத்துக்கொண்டு சென்றோம். அண்ணன் ஒரு துணிப்பை நிறையக் காகிதங்களுடன் புறப்பட ஆயத்தமாயிருந்தார். அவருடைய திருமண அழைப்பிதழும் அதில் இருந்தது. முதல் நாள் மாலை முழுவதும் திண்ணையில் அமர்ந்து அவற்றை ஆண்டு வாரியாக அடுக்கினோம். கிரயப் பத்திரம், வரி ரசீதுகள், பகணி என அங்கு வழங்கும் நிலப் பதிவேட்டு நகல், வந்த கட்டு. ஒவ்வொன்றுக்கும் நகல் எடுத்து, மூலங்களைத் தனியே வைத்தோம். பிறகு ஒரு முழுத்தாளில், எந்த ஆண்டில் என்ன நடந்தது என்று, ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு வரி வீதம் எழுதினோம். பதினான்கு வரிகளாயின. அண்ணன் வாயால் சொல்லியிருந்தால் அரை நாள் ஆகியிருக்கும், பாதி நேரம் சுரங்கத்தின் பொற்காலத்தைப் பற்றியே போயிருக்கும்.

பெயர் விஷயத்தில்தான் தலைவலி. கிரயப் பத்திரத்தில் அவர் பெயர் 'சாமி' என முடிந்தது. கன்னடப் பதிவேட்டில் 'ஸ்வாமி'. ஆதாரில் தந்தையின் முதலெழுத்து பெயருக்கு முன்னே நின்றது, ரேஷன் அட்டையில் பின்னே, வரி ரசீதில் காணவே இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலையெழுத்தாகக் கொள்வதும், தலைமுறைக்குத் தலைமுறை அது மாறுவதும் நமக்கு இயல்பு. பிற மாநில எழுத்தர் அதனை ஊர்ப்பெயர் என்றோ குடும்பப் பெயர் என்றோ கொண்டுவிடுவார். தந்தைக்கும் மகனுக்கும் குடும்பப் பெயரே வேறாக இருக்கிறதே என்று வாரிசுச் சான்றிதழில் சிக்கல் எழுவதை மும்பை நேயர்கள் நன்கு அறிவர். எந்தெந்தத் தாளில் எந்தெந்த வடிவில் பெயர் உள்ளது என்று ஒரு பட்டியல் எழுதி வைத்தோம். வக்கீல் முதலில் கையில் எடுத்தது அதனைத்தான்.

தங்கவயலில் அலுவலகம் வைத்திருந்த அந்த வக்கீல் நடுவயதினர், கன்னடத்தவர், தமிழும் நன்கு அறிந்தவர். அண்ணனை 'ஐயா' என்றே அழைத்தார். அவர் கேட்ட முதற் கேள்வி நாம் எதிர்பாராதது.

'ஐயா, இந்தக் கட்டு உங்கள் கைக்கு வந்த தேதி என்ன?'

அண்ணன் விழித்தார். உறையை அவர் அன்றே எறிந்துவிட்டார். சம்மன் கிடைத்த முப்பது நாளுக்குள் பிரதிவாதி எழுத்து மூலமான பதிலைத் தாக்கல் செய்யவேண்டும் என்பதும், தக்க காரணம் காட்டினால் நீதிமன்றம் தொண்ணூறு நாள் வரை நீட்டிக்கலாம் என்பதும் உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் விதி. நாள் தெரியாமல் நாளை எண்ணுவது எப்படி? நல்லவேளையாக நம் அண்ணியார், அது மாரியம்மன் திருவிழாவிற்கு மறுநாள் வந்தது என்பதை நினைவில் வைத்திருந்தார். இருபத்து மூன்று நாள் கழிந்திருந்தன.

'உங்களுக்குப் பாதகமானது ஏதேனும் உண்டா? அதனை இப்போதே சொல்லிவிடுங்கள்' என்பது அடுத்த கேள்வி. அண்ணன் நம்மைப் பார்த்தார். கட்சிக்காரர் வக்கீலிடம் கூறியதை அவர் அனுமதியின்றி வெளியிடலாகாது என்று பழைய சாட்சியச் சட்டமும் கூறிற்று, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சாட்சியச் சட்டமும் கூறுகிறது என விளக்கினோம். பின்னரே, ஒரு முழத்திற்குக் குறையாமல் சுவரைத் தள்ளிக் கட்டியது உண்மை என்று மெல்லிய குரலில் ஒப்புக்கொண்டார். நமக்கே அது புதுச் செய்தி!

கட்டணம் பற்றிப் பேச அண்ணன் கூச்சப்பட்டார். நாம் கேட்டோம். வழக்கு முழுவதற்குமா, வாய்தாவுக்கு இவ்வளவு என்றா, முத்திரைச் செலவும் தட்டச்சுச் செலவும் குமாஸ்தா படியும் அதில் அடங்குமா? வக்கீல் முகம் சுளிக்கவில்லை, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். வக்காலத்துப் படிவத்தில் வழக்கின் எண்ணும் பெயர்களும் நிரப்பப்பட்ட பின்னரே கையொப்பம் வாங்கினார். வெற்றுத் தாளில் கையொப்பம் கேட்கும் இடங்களும் உண்டு. அங்கே எழுந்து வந்துவிடுவதே முறை.

கட்டணம் தர இயலாதவரும் வழியற்றவர் அல்லர். 1987ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 1995 நவம்பர் 9ஆம் நாள் நடைமுறைக்கு வந்த சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், ஊனமுற்றோர், தொழிற்சாலைத் தொழிலாளர், காவலில் உள்ளோர் ஆகியோர்க்கு இலவச வக்கீல் உதவி உண்டு. வருமான வரம்பிற்குட்பட்ட பிறர்க்கும் உண்டு. எந்த மாநிலத்தில் பிறந்தவர் என்ற கேள்வி அதில் இல்லை. நீதிமன்ற வளாகத்திலேயே அதன் அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம். தங்கவயலின் முதல் தலைமுறைத் தொழிலாளிக்கு இப்படியொரு வாயில் இருந்ததில்லை.

புறப்படும் வேளையில் வக்கீல் இன்னுமொன்று கேட்டார். 'இந்த வழக்கில் உங்களுக்கு என்னதான் வேண்டும்?'

சுவர் வேண்டும், மானம் வேண்டும், அண்டை வீட்டான் தலைகுனிய வேண்டும் என்றெல்லாம் அண்ணன் சொல்வார் என எண்ணினோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். 'காலையில் ஏரிக்கரைக்கு நடந்து போக வழி வேண்டும், ஐயா. முப்பது வருடமாய்ப் போன வழி' என்றார்.

பதில் மனு இருபத்தெட்டாம் நாள் தாக்கலாயிற்று. ஐந்து மாதம் கழித்து லோக் அதாலத்தில் இரு வீட்டாரும் அமர்ந்து பேசினர். அண்ணன் சுவரை ஒரு முழம் உள்ளே தள்ளிக் கட்ட இசைந்தார். அண்டை வீட்டார் மூன்றடிப் பாதை விட இசைந்தனர். அந்தத் தீர்வின் நகலைக் கன்னடத்திலிருந்து தமிழாக்கி அவருக்கு அனுப்பினோம். இம்முறை ஒவ்வொரு சொல்லையும் அகராதி பார்த்தே எழுதினோம். நகல் வந்த உறையையும், தபால் முத்திரை தெரியும்படி, அவர் பத்திரமாக வைத்திருக்கிறார்.